வழிகாட்டியும் வழிப்போக்கரும்

கடல் கடந்து செல்வது என்பது ஒரு காலத்தில் நம் குடும்பங்களில் பெரிய காரியமாக இருந்தது. வியாபாரத்தின் பொருட்டுப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்கள் உண்டு. படிப்பின் பொருட்டுச் சீமைக்குச் சென்றவர்கள் உண்டு. வெறுமனே பார்த்து வருவதற்கென்று கப்பல் ஏறியவர்கள் மிகச் சிலரே. இன்றோ கோடை விடுமுறை வந்துவிட்டால், தாயும் தந்தையும் குழந்தைகளும் பாட்டியுமாக ஆகாய விமானம் ஏறி, பத்து நாட்களில் ஐந்து தேசங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இது மகிழத் தக்க மாறுதலே. ஆனால் அவ்விதம் திரும்பியவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஊரில் சோறு கிடைத்தது, எந்த ஊரில் கிடைக்கவில்லை என்பது விரிவாக வரும். கொடி பிடித்து முன்னால் நடந்த வழிகாட்டி எவ்வளவு வேகமாக நடந்தார் என்பதும் வரும். பார்த்த பொருளைப் பற்றி மட்டும் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் வருவது அரிது.

இதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பார்ப்பதும் ஒரு வித்தை. சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டே காது பழகுவது போல, பார்த்துப் பார்த்தே கண் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பாரிஸிலும் ரோமாபுரியிலும் போய், மணிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துத் தொடங்குவானேன்? வீட்டிலிருந்து ஒரு பகல் தூரத்தில் அதற்கென்றே அமைந்தது போன்ற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அது புதுக்கோட்டைச் சீமை.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட இந்தச் சமஸ்தானம் 1948ஆம் வருஷம் மார்ச்சு மாதம் இந்திய யூனியனுடன் இணைந்தது. பின்னர் 1974ஆம் வருஷம் ஜனவரி 14ஆம் தேதி தனி ஜில்லாவாயிற்று. சிறிய நிலப்பரப்பே. எனினும் சமண முனிவர்களின் கற்படுக்கை, குடைவரைக் கோயில், சோழர் காலத்துக் கற்றளி, சேதுபதி கட்டிய கோட்டை, எழுதப்பட்ட சித்திரம், கல்லில் வெட்டிய சங்கீதம் ஆகிய இத்தனையும் இதற்குள் அடக்கம். தூர தேசப் பிரயாணிக்கு நேரும் சங்கடங்கள் அனைத்தும் இங்கேயும் நேரும். அவற்றிற்குரிய உபாயங்களையும் இங்கேயே கற்கலாம்.

கூட்டிச் செல்லும் தொழில்

கூட்டமாக அழைத்துச் சென்று ஊர் காட்டும் தொழிலுக்கு மூலபுருஷர் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர். 1841ஆம் வருஷம் ஜூலை 5ஆம் தேதி, லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வீதம் வாங்கிக்கொண்டு, சுமார் 500 பேரை அவர் ரெயிலில் அழைத்துச் சென்றார். அவர்கள் சென்றது எதைப் பார்க்க என்று நினைக்கிறீர்கள்? மதுவிலக்குக் கூட்டம் ஒன்றைப் பார்க்க! குடியை மறந்து நல்ல காரியத்துக்குப் போவோம் என்று தொடங்கிய தொழில்தான், இன்று உலகெங்கும் கொடியும் ஒலிபெருக்கியுமாக நடக்கிறது.

இத்தொழிலால் வரும் நன்மையை மறுப்பதற்கில்லை. பாஷை தெரியாத ஊரில், சீட்டு வாங்கித் தருவதற்கும், வழி தவறாமல் இருப்பதற்கும், முதியோருக்குத் துணையாய் இருப்பதற்கும் அதைப் போல் உதவி வேறில்லை. ஆனால் கூட்டத்தின் கால் ஒரே வேகத்தில் நடக்கும். கண்களோ அப்படி நடப்பதில்லை. ஆகையால் கூட்டமாகப் போகிறவர்கள், புறப்படுமுன் அட்டவணையைக் கையில் வாங்கி, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நேரம் நிற்பார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "பார்ப்போம்" என்று எழுதியிருப்பது வேறு, "உள்ளே செல்வோம்" என்று எழுதியிருப்பது வேறு. பஸ்ஸிலிருந்தபடியே கோபுரத்தைக் காட்டிவிட்டு, பார்த்ததாகக் கணக்கு எழுதும் வழக்கம் எல்லாத் தேசங்களிலும் உண்டு.

புதுக்கோட்டைக்கும் இது பொருந்தும். ஒரே பகலில் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம் ஐந்தையும் காட்டுவதாக யாரேனும் சொன்னால், காட்டத்தான் செய்வார்கள். பார்க்கத்தான் நமக்கு நேரம் இராது. ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்பதே எங்கள் கணக்கு.

முதல் நாள் பொருட்காட்சிசாலை

வெளியூர் சென்றதும் எல்லோரும் உயரமான இடத்தைத் தேடி ஓடுவார்கள். நாங்கள் சொல்வது, முதலில் பொருட்காட்சிசாலைக்குப் போங்கள் என்பதே. புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1910ஆம் வருஷம் சமஸ்தானத்தார் நிறுவிய பொருட்காட்சிசாலை இன்றும் நடைபெறுகிறது. அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டவர், அடுத்த நாள் மலைமேல் ஒரு சிலையைக் கண்டதும், இது இன்னாரின் காலத்துக்கு உரியது போலும் என்று தாமே ஊகிக்கத் தொடங்கிவிடுவார். வழிகாட்டியின் பேச்சு அப்போது காதில் வெறும் ஓசையாக விழாது.

விடுமுறை நாளை முன்னதாக விசாரிப்பதும் அவசியம். நம் மாகாணத்துச் சர்க்கார் பொருட்காட்சிசாலைகளுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு. அஜந்தாக் குகைகளுக்குத் திங்கட்கிழமை ஓய்வு. பாரிஸ் நகரத்து லூவர் மாளிகைக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு. ஆயிரக்கணக்கான மைல் பறந்து சென்று பூட்டிய கதவைத் தரிசித்துத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. ஒரு நிமிஷ விசாரணை அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

கல், கலைஞர், ஊரார்

வழிகாட்டி சொல்வதை மூன்று பெட்டிகளில் பிரித்துப் போட்டுக்கொள்ளும்படி நேயர்களுக்குச் சொல்லுவோம். கல்லே சொல்வது ஒன்று. கற்றறிந்தோர் ஊகித்துச் சொல்வது ஒன்று. ஊரார் வழிவழியாகச் சொல்வது ஒன்று. மூன்றும் வேண்டியவையே. ஒன்றை மற்றொன்றாக எண்ணுவதில்தான் பிழை.

குடுமியான்மலையை எடுத்துக்கொள்வோம். சிவபெருமானுக்கு இங்கே சிகாநாதர் என்று திருநாமம். பூசை செய்த அந்தணர் அரசனுக்குக் கொடுத்த மாலையில் தலைமயிர் இருந்ததாகவும், அது சுவாமியின் குடுமி மயிரே என்று அவர் சாதித்ததாகவும், அடியாரைக் காக்கச் சுவாமியே குடுமியுடன் காட்சி தந்ததாகவும் கூறுவர். இது ஊர் சொல்லும் கதை. அன்போடு கேட்க வேண்டிய கதை. அதே மலையில், குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஸ்வரக் கோவைகள் வரிசை வரிசையாகக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ருத்ராசாரியரின் சீடனாகிய ஓர் அரசன் செய்வித்தது என்பது அக்கல்லே சொல்வது. அவ்வரசன் மகேந்திரவர்ம பல்லவனே என்பது அறிஞர் சிலர் ஊகித்தது. பிற்கால அறிஞர் பலர் அதை ஒப்புவதில்லை. வழிகாட்டி மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே குரலில் சொல்லிவிடுவார். "இது கல்லில் எழுதியிருக்கிறதா, ஐயா?" என்று பணிவாக ஒரு கேள்வி கேட்டால் போதும், நல்ல வழிகாட்டியாயிருந்தால் முகம் மலர்ந்து, எழுத்து இருக்கும் இடத்துக்கே அழைத்துச் செல்வார்.

ஆவுடையார்கோயிலில் இன்னும் வேடிக்கை. மாணிக்கவாசகரோடு தொடர்புடைய இத்தலத்தில் மூலஸ்தானத்தில் லிங்கம் இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. சுடச்சுட வடித்த அன்னத்தின் ஆவியே நைவேத்தியம். இங்குள்ள கொடுங்கையோ சிற்பிகள் கைகூப்பும் அற்புதம். மரச் சட்டங்களையும் ஆணிகளையும் போலவே கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். இது கல்தானா என்று ஐயுற்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று சொல்லி, துவாரத்தையும் காட்டுவார்கள். கேட்டவர்கள் எல்லோரும் துவாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொடுங்கை தனியே நிற்கிறது! கதை நம்மைப் பொருளிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பொருளிலிருந்து இழுத்துச் செல்லுமானால், கதையைச் சற்றே நிறுத்தி வைத்து நிமிர்ந்து பார்ப்பதே விவேகம். ரோமாபுரியிலும் இதே விதி.

இல்லாததையும் பாருங்கள்

கொடும்பாளூரில் மூவர் கோயில் என்று ஒன்று உண்டு. பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள், தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுப்பித்தான். இப்போது நிற்பவை இரண்டே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அவசரப் பிரயாணி இரண்டையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார். சற்று நின்று, வெறுமையாய்க் கிடக்கும் அந்த மூன்றாம் அடித்தளத்தின்மேல் மனத்தால் ஒரு விமானத்தை எழுப்பிப் பார்ப்பவருக்கே ஊர் முழுதும் தெரியும். கிரேக்க நாட்டின் இடிந்த கோயில்களுக்குச் செல்வோருக்கும் இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

நார்த்தாமலையில் இதற்கு மறுதலையான பாடம். மேலமலைப் பாறைச் சரிவில் மேற்கு நோக்கி நிற்கும் விஜயாலய சோழீச்சுரம், வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமான கருவறையோடு கூடியது. இளங்கோவதியரையர் என்னும் சாத்தன் பூதி கட்டியதும், மழையில் இடிந்தபின் மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததும் அங்குள்ள கல்வெட்டில் காண்கிறது. கோயிலுக்குச் சோழன் பெயர். கட்டியவரும் காத்தவருமோ வேறு வேறு. பெயர்ப் பலகையைப் படித்ததோடு திரும்பினால் இந்த இருவரையும் காணாமலே திரும்பியவராவோம்.

இங்கே வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏறுவது மரநிழல் அற்ற வெறும் பாறை. காலையில் சூரியன் ஏறுமுன் ஏறி, பாறை சுடத் தொடங்குமுன் இறங்கிவிட வேண்டும். குடிநீரைக் கீழேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்த பாறையில் வழுக்கும். முதியோரையும் குழந்தைகளையும் அன்று ஏற்றலாகாது. கூட்டம் சேர்ந்து செல்லும்போது, பிரிந்தவர்கள் சந்திக்கும் இடம் ஒன்றை ஏறுமுன்பே குறித்துக்கொள்வது நலம். லண்டனில் ஆனாலும் நார்த்தாமலையில் ஆனாலும், குழந்தை தொலைவது ஒரே விதமாகத்தான்.

கூலியும் மரியாதையும்

வழிகாட்டிக்குரிய கூலியைப் புறப்படுமுன் பேசி முடித்துவிட வேண்டும். "பார்த்துக் கொடுங்கள்" என்று தொடங்கும் உடன்பாடு மனஸ்தாபத்தில்தான் முடியும். சர்க்கார் அனுமதிச் சீட்டு உள்ள வழிகாட்டியா என்று கேட்பதில் வெட்கம் வேண்டுவதில்லை. நம் தேசத்திலும் இத்தகைய அனுமதி உண்டு. லண்டனில் பரீட்சை தேறியவர்கள் நீலப் பட்டயம் அணிந்திருப்பார்கள். ஜப்பானில் இனாம் கொடுப்பது வழக்கமில்லை. அமெரிக்காவில் கொடாமல் வருவது பிசகு. சென்ற ஊரின் வழக்கத்தை முன்கூட்டி அறிந்து போவதே கௌரவம். இடையில் வழிகாட்டி ஒரு கடைக்குள் அழைத்துச் சென்றால், வாங்கவும் வேண்டாம், சினக்கவும் வேண்டாம். நேரம் போகிறதென்று சொன்னால் போதும்.

உடை விஷயமும் இப்படியே. ரோமாபுரியில் புனித ராயப்பர் பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மறையாத உடையோடு செல்ல விடார். அங்கே மறுபேச்சின்றிப் போர்வை வாங்கிப் போர்த்துக்கொள்ளும் நம்மவர், திருமயத்துப் பெருமாள் சந்நிதியில் காவலர் ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் வாதாடுவது ஏன் என்று விளங்கவில்லை.

திருமயத்தைச் சொன்னோம். 1687ஆம் வருஷம் இரகுநாத கிழவன் சேதுபதி எழுப்பிய கோட்டை குன்றின்மேல் நிற்கிறது. குன்றின் அடியில் சத்தியகிரீசுவரர் குடைவரையும் சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரையும் அருகருகே இருக்கின்றன. இவ்விரு கோயிலாருக்கும் இடையே நெடுநாள் இருந்த வழக்கைப் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் 1245இல் தீர்த்து வைத்தான் என்பதைக் கல்வெட்டு கூறுகிறது. அத்தீர்ப்பை வெட்டுவதற்காகப் பாறையில் முன்பிருந்த சங்கீதக் கல்வெட்டைச் செதுக்கி எறிந்துவிட்டார்கள்! இரு தரப்பாரும் ஒற்றுமையானது நல்லதே. ஆனால் அதற்கு விலையாகப் போனது இன்னொருவர் இசை. இவ்வூரில்தான் தேசத் தொண்டர் எஸ். சத்தியமூர்த்தி 1887இல் பிறந்தார். கோட்டையின் பீரங்கியைக் குழந்தைகளுக்குக் காட்டும் பெற்றோர், வாக்கையே ஆயுதமாகக் கொண்டு போராடிய அவர் பெயரையும் அதே மூச்சில் சொல்லுவார்களாக.

தாமரைப் பொய்கை

கடைசியாக, இந்த வித்தையெல்லாம் எதற்காக என்று கேட்பவர்களை நகரிலிருந்து 10 மைல் தொலைவில் உள்ள சித்தன்னவாசலுக்கு அழைக்கிறோம்.

குன்றின் மேற்புறத்தில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. முன்னே நிற்கும் தூண் மண்டபத்தைப் பழைமையானதென்று எண்ணி வியந்து நிற்க வேண்டாம். அத்தூண்கள் சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. உள்ளே சென்று அண்ணாந்து பார்த்தால், விதானத்தில் ஒரு பொய்கை. தாமரை இலைகள் நெருங்கிக் கிடக்கின்றன. இடையிடையே மலரும் மொட்டும். மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும். அவற்றின் நடுவே மலர் கொய்யும் ஆடவர் மூவர். சமணர் கூறும் சமவசரணத்தைச் சேர்ந்த பொய்கை இது என்பது அறிஞர் கருத்து. தூண்களில் நடன மாதர் இருவரும் அரச தம்பதியரும் மங்கலாகத் தெரிகிறார்கள்.

1916ஆம் வருஷம் சமஸ்தானத்தின் சரித்திரத்தை எழுதிய எஸ். இராதாகிருஷ்ண ஐயர் இச்சித்திரங்களைப் பற்றிக் குறித்தார். பின்னர் கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயிலும் இவற்றை உலகறியச் செய்தனர். அவர்கள் காலத்தில் இது மகேந்திரவர்மன் பணி என்றே கொண்டார்கள். குகை முகப்பிலுள்ள கல்வெட்டோ, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. இன்று நாம் காணும் சித்திரங்களை அக்காலத்தனவாகவே கொள்கிறார்கள். பழைய பாடத்தை இன்றும் ஒப்பிக்கும் வழிகாட்டிகள் இருக்கக்கூடும்; முன்னர்ச் சொன்ன மூன்று பெட்டிகள் இங்கே பயன்படும்.

எஞ்சியிருப்பவை பெரும்பாலும் விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலுமே. ஏன் என்று நேயர்கள் யோசிக்க வேண்டும். கை எட்டாத உயரத்தில் இருந்தவை பிழைத்தன. காவலின்றிக் கிடந்த நூற்றாண்டுகளில் மழையும் காற்றும் செய்தது பாதி. மனிதர் கை செய்தது மீதி. பிரான்ஸ் தேசத்தில் லாஸ்கோ என்னும் குகையில் ஆதி மனிதர் தீட்டிய சித்திரங்கள் 1940இல் கண்டெடுக்கப்பட்டன. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் விட்ட மூச்சுக்காற்றே சித்திரங்களைக் கெடுக்கத் தொடங்கவே, 1963இல் குகையை மூடிவிட்டார்கள். இப்போது செல்வோர் பார்ப்பது பிரதியை. இத்தாலியில் மிலான் நகரத்தில் லியோனார்டோவின் சித்திரத்தின் முன் சிறு சிறு கூட்டமாக விட்டு, 15 நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். தொடாமல் இருப்பவர் மூச்சும் கேடு செய்யுமென்றால், தொடுபவர் விரலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே இங்கே வருபவர்கள் சுவரையும் தூணையும் தொட வேண்டாம். சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பளிச்சென்று ஒளி பாய்ச்ச வேண்டாம். இருபது பேர் ஒருமித்து நுழையாமல், நால்வர் நால்வராக நுழைவது உத்தமம். வெயிலிலிருந்து வந்தவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிஷம் மௌனமாய் நின்றால் கண் இருட்டுக்குப் பழகி, இலைகள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டும். கருவறையின் நடுவே நின்று ஓங்காரம் இசைத்தால் அறை முழுதும் அதிரும் என்று வழிகாட்டி செய்து காட்டுவார். கேட்டு மகிழ்ந்து, அடுத்தவருக்கு இடம் விட்டு வெளியே வந்துவிடுங்கள். பின்பு குன்றின் மறுபுறம் ஏழடிப்பட்டத்துக்குச் சென்று, 17 கற்படுக்கைகளையும் பழந்தமிழ் எழுத்தையும் காணலாம். முனிவர்கள் பற்றற்றுப் படுத்திருந்த அக்கல்லிலும் தம் பெயரைக் கீறி வைத்துப் போன பிரயாணிகள் உண்டு. அவர்கள் எத்தனை தேசம் சுற்றி வந்தாலும் பிரயாணம் செய்தவர்கள் ஆகமாட்டார்கள்.

நம்மவர் லூவர் மாளிகைக்குப் போகட்டும், மிலானுக்கும் போகட்டும். அங்கே கயிற்றுக்கு அப்பால் கைகட்டி நின்று பார்க்கும் அதே அடக்கத்தை, காவலர் ஒருவரே நிற்கும் நம் குன்றின் குகையிலும் காட்டினால், அந்த மூவர் நம் பேரக் குழந்தைகளின் காலத்திலும் அப்பொய்கையில் மலர் கொய்துகொண்டிருப்பார்கள்.